மானேஜர் கையில் ஒரு பட்டியல்

கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் மாலை வேளைகளில் சதுரங்கம் ஆடும் கூட்டத்தைத் தென் கல்கத்தாவில் வசிக்கும் நம்மவர் அனைவரும் அறிவர். ஆடுகிறவர்கள் நால்வர் என்றால், பக்கத்தில் நின்று யோசனை சொல்லுகிறவர்கள் நாற்பது பேர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழர் ஆட்டத்தையும் கவனிக்காமல், யோசனையும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர். கும்பகோணத்துப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு ரயிலேறி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆற்றுக்கு அப்பால் ஹௌரா பக்கத்தில், இயந்திர உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒர்க்ஸ் மானேஜராக இருக்கிறார். அங்கே சுமார் 180 பேர் வேலை செய்கிறார்கள்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்பி. 22 பேர் பெயரை எழுதிக் கொடு என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பட்டியல் போயாக வேண்டும்" என்றார்.

கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. சம்பளச் செலவைக் குறைப்பது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். யார் யார் என்பதை மட்டும் மானேஜர் சொல்ல வேண்டும். "முதலாளிக்கு எல்லோரும் டோக்கன் நம்பர். எனக்கு அப்படி இல்லையே. இவர்களில் ஒருவன் பெண் கல்யாணத்துக்குப் போய், மீனை ஒதுக்கிவிட்டு லூச்சி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்" என்றார். எல்லோரையும் முறை வைத்து லே-ஆஃப் செய்யலாம், ஆளுக்குச் சில நாள் பாதிச் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று அவர் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாராம். அது திரும்பி வந்துவிட்டது.

இது ஒரு தனி மனிதரின் தர்மசங்கடம், பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவர் அடுத்துச் சொன்ன செய்தியைக் கேட்டபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதே மாதிரிப் பட்டியல் இதற்கு முன்பும் இரண்டு முறை அவரிடம் கேட்கப்பட்டிருக்கிறது. அப்போதெல்லாம் அவர் தப்பித்துக்கொண்ட விதம் வேறு. "ஐயா, ஆளைக் குறைக்க வேண்டுமானால் சர்க்காரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். தொழிலாளர் இலாகா இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கும். சங்கத்தார் வாசலில் கொடி பிடிப்பார்கள்" என்று முதலாளியிடம் சொல்வாராம். முதலாளி சலித்துக்கொண்டு விட்டுவிடுவாராம். ஆறு மாதத்தில் எங்கிருந்தாவது ஆர்டர் வந்துவிடும். பட்டியலும் மறந்து போகும்.

"சட்டத்தைக் காட்டி நான் நல்லவனாக இருந்தேன், தம்பி. இந்த முறை முதலாளி வக்கீலைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்" என்றார்.

வக்கீல் சொன்ன விஷயம் நாடு முழுவதற்கும் பொருந்துவது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்கள் இந்த நான்கில் அடங்கிவிட்டன. அவற்றுள் 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்புதான் நம் மானேஜரின் வாயை அடைத்தது. ஆட்குறைப்பு, லே-ஆஃப், ஆலை மூடல் ஆகியவற்றுக்குச் சர்க்காரின் முன் அனுமதி தேவை என்ற விதி இனி 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்கே உண்டு. 180 பேர் உள்ள இடத்தில் அனுமதி என்ற பேச்சே கிடையாது.

இந்த 300 என்ற எண் புதிதல்ல. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இந்த முன் அனுமதி விதி சேர்க்கப்பட்டது 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில். அப்போது வைத்த வரம்பும் 300தான். 1982-இல் அதைத் திருத்தி, 1984 முதல் 100 ஆகக் குறைத்தார்கள். மேற்கு வங்கத்தில் இடதுசாரி அரசு அதற்கு முன்பே 50 என்று இன்னும் கீழே இறக்கியிருந்தது. 2014-இல் ராஜஸ்தான் முதலாவதாக மறுபடியும் 300-க்குப் போயிற்று; பிறகு வேறு சில மாநிலங்களும் அவ்வழியே சென்றன. இப்போது நாடு முழுவதும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நூறு, இருநூறு பேர் கொண்ட தொழிற்சாலைகளில் எத்தனையோ மானேஜர்கள் அந்த விதியின் மறைவில் நின்றுகொண்டு இரக்கம் காட்டியிருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் தொழிலாளியைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள். மானேஜரின் மனச்சாட்சிக்கும் அது குடை பிடித்தது என்பது யாரும் கணக்கில் எடுக்காத பயன். குடை மடங்கிய பிறகுதான் அது தெரிகிறது.

மானேஜர் என்றதும் நம் தொழிலாளத் தோழர்களுக்கு முதலாளியின் கை என்ற எண்ணமே வரும். கல்கத்தாவில் அதற்குப் பழைய காரணங்கள் உண்டு. கரியாஹாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், இன்று சவுத் சிட்டி என்ற அங்காடியும் வானளாவிய குடியிருப்புகளும் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் உஷா மின்விசிறிகளும் தையல் இயந்திரங்களும் செய்த ஜெய் இன்ஜினியரிங் தொழிற்சாலை இருந்தது. 1967 மார்ச்சில் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்ததும், 'கெராவ்' என்ற முற்றுகைப் போராட்டம் இந்நகரத் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கில் நடந்தது. அதிகாரியை அறைக்குள் வைத்துச் சுற்றி நின்றுகொள்வார்கள். சில இடங்களில் மணிக்கணக்காக உணவும் தண்ணீரும் வெளிக்காற்றும் கிடையாது. தொழிலாளர் மந்திரியாக இருந்த சுபோத் பானர்ஜியின் இலாகாவுக்குத் தெரிவிக்காமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று சுற்றறிக்கை போயிற்று. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதலிடம் ஜெய் இன்ஜினியரிங்குக்கே. 1967 செப்டம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டி. என். சின்ஹா தலைமையிலான சிறப்பு பெஞ்சு அந்தச் சுற்றறிக்கைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

கெராவில் அடைபட்டவர்கள் யார் என்று பார்த்தால் முதலாளி அகப்பட்டது அபூர்வம். அவர் அலிப்பூரிலோ டில்லியிலோ இருப்பார். அகப்பட்டவர் தொழிற்சாலை மானேஜரும் லேபர் ஆபீசரும்தான். போனஸ் எவ்வளவு, ஆள் எத்தனை என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 'இல்லை' என்று சொல்லும் வாய் மட்டும் அவருடையது.

இந்த வாய்க்கு உரியவன் எவ்வளவு தூரம் போவான் என்பதை வங்காளிகள் படமாகவே எடுத்திருக்கிறார்கள். சங்கர் எழுதிய நாவலைக் கொண்டு சத்யஜித் ராய் 1971-இல் எடுத்த 'சீமாபத்தா' என்ற படத்தைப் பார்த்தவர்கள் நம்மிலும் இருக்கலாம். அதிலும் மின்விசிறிக் கம்பெனிதான். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கில் கோளாறு தெரியவருகிறது. தாமதமானால் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். விற்பனை மானேஜர் லேபர் ஆபீசருடன் சேர்ந்துகொண்டு தொழிற்சாலையில் கலகத்தை மூட்டிக் கதவடைப்பு நடக்கும்படி செய்துவிடுகிறான். குண்டு வெடித்து ஒரு காவலாளி படுகாயமடைகிறான். மானேஜருக்கு டைரக்டர் பதவி கிடைக்கிறது. அவன் கொடியவன் என்று படம் எங்கும் சொல்லவில்லை. நன்றாகப் படித்தவன், மனைவியிடம் பிரியமானவன். கம்பெனி நலம் என்பது எங்கே முடிகிறது, தன் பதவி உயர்வு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை அவனுக்கே மங்கிவிடுகிறது. பட்டியல் கேட்டவுடன் ஒரு மணி நேரத்தில் எழுதித் தரும் மானேஜர்கள் இந்த ரகம். அவர்களுக்குத் தர்மசங்கடமே வராததால், அவர்களைப் பற்றி எழுதவும் அதிகம் இல்லை.

தர்மசங்கடம் வருகிறவர்களின் கதிதான் பரிதாபம். ஹரியானாவில் மானேசரில் உள்ள மாருதி தொழிற்சாலையில் 2012 ஜூலை 18-ஆம் தேதி நடந்த கலவரத்தையும் தீ வைப்பையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிரிழந்தவர் மனிதவள அதிகாரி அவனிஷ் குமார் தேவ். தங்கள் சங்கம் பதிவாக உதவியவர் அவர் என்று பிற்பாடு தொழிலாளர் தரப்பினரே கூறினர். 148 தொழிலாளர் மீது வழக்கு நடந்து, 2017 மார்ச்சில் 117 பேர் விடுதலையாயினர். 31 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. நம் கோயம்புத்தூரில் 2009 செப்டம்பரில், பிரிக்கால் தொழிற்சாலையில் 42 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டதை அடுத்து மனிதவளப் பிரிவின் துணைத் தலைவர் தாக்கப்பட்டு மாண்டார். கல்கத்தாவுக்கு வடக்கே பத்ரேஸ்வரில், நார்த்புரூக் சணல் ஆலையின் தலைமை நிர்வாகி 2014 ஜூன் 15-ஆம் தேதி வேலை நாட்களைப் பற்றிய தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளுக்குச் சமாதானம் எதுவும் சொல்ல முடியாது. அடி விழுந்த இடத்தைப் பாருங்கள் என்பதற்காகவே இவற்றைச் சொல்ல நேர்ந்தது. அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி இருந்தால் கோபம் இலாகா வாசலுக்குப் போகும், விசாரணைக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும். விதி இல்லையென்றால் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் மேசைக்குத்தான் நேராக வரும்.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அனுமதி கேட்டு மனுப் போட்டால் தருவது அரிது. 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்தாலும், அதற்குள் ஒரு மறுப்பு வந்துவிடும். ஆகவே பலர் நூறைத் தாண்டாமல் ஆள் வைத்துக்கொண்டார்கள்; மிச்சத்துக்குக் காண்டிராக்டர் மூலம் ஆள் எடுத்தார்கள். காண்டிராக்ட் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்ப மானேஜரின் பட்டியல்கூட வேண்டாம். வங்காளத்தில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. முறைப்படி மூடாமல், வாசலில் 'வேலை நிறுத்திவைப்பு' என்று ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உத்தரபாராவில் அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே 24-ஆம் தேதி அப்படித்தான் நின்றது. முறைப்படி ஆட்குறைப்பு நடந்தால் தொழிலாளிக்கு நஷ்டஈடாவது கைக்கு வரும். ஒட்டிய காகிதத்தை வைத்துக்கொண்டு அவன் எதைச் சாப்பிடுவான்? அந்த அளவில் பழைய விதி எல்லோரையும் காப்பாற்றியது என்று நான் வாதாட மாட்டேன். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு சீசனுக்கு இடையில் வரும் மந்தத்தில் ஆளைக் கழிப்பதை அது தடுத்தது. நம் மானேஜரின் தொழிற்சாலை அந்த வகைதான்.

சரி, விதி கையில் இருந்தால் மட்டும் எல்லா அதிகாரியும் இரக்கம் காட்டிவிடுவாரா? ரயில்வேயில் இருப்பதால் எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட ஒன்றை எழுதுகிறேன். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் பேர் ஈடுபட்டனர். அப்போது ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 14-ஆவது விதியின் இரண்டாவது உட்பிரிவைக் கொண்டு, விசாரணை இல்லாமலே ஆட்களை நீக்க முடிந்தது. வராதவர் பட்டியலைத் தயாரிக்க வேண்டியவர் அந்தந்த மேற்பார்வையாளர். ஒரே பணிமனையில் அடுத்தடுத்த இரண்டு ஷாப்புகளில் இரண்டு விதம் நடந்ததாம். ஒருவர் முதல் நாள் மாலையே பட்டியலை அனுப்பிவிட்டார். மற்றவர் வராதவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்குத் தானே சைக்கிளில் போய், 'உடம்பு சரியில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடு' என்று வாங்கி வந்து பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். மருத்துவ விடுப்பு என்ற விதி இருந்ததால் அவரால் அது முடிந்தது. முதலாமவருக்கும் அதே விதி இருந்தது. நீக்கப்பட்டவர்கள் 1977-இல் ஜனதா அரசு வந்தபின் வேலைக்குத் திரும்பினார்கள் என்றாலும், இடையில் மூன்று வருஷம் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்த விதத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டாமவர் செய்தது பொய்க் கணக்கு அல்லவா என்று கேட்டால் ஆம் என்றே சொல்வேன். நானும் குமாஸ்தாதான், பதிவேட்டில் பொய் எழுதுவதை எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர் ஒருவர் நன்மை செய்யப் பொய் எழுத வேண்டியிருந்தது என்பதில்தான் விதியின் குறை இருக்கிறது.

ஜெர்மனியில் இதை வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். வியாபாரக் காரணத்துக்காக ஆட்குறைப்பு செய்யும் நிர்வாகம் யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கையில் நான்கு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அந்நாட்டுப் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எத்தனை வருஷ சேவை, என்ன வயது, எத்தனை பேரைக் காப்பாற்றும் கடமை, கடும் உடல் ஊனம் உண்டா என்பவை அவை. பாராமல் அனுப்பினால் கோர்ட்டில் நிற்காது. அங்கே ஒரு மானேஜர், 'இவனுக்கு மூன்று குழந்தைகள்' என்று சொன்னால் அது கெஞ்சல் ஆகாது, அலுவலகக் குறிப்பு ஆகிவிடும்.

நம் சட்டத்தில் குழந்தைகளுக்கு இடமில்லை. ஆனால் 300 பேருக்குக் கீழே எதுவுமே மிச்சமில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். வாசகர்களில் பலருக்கு இது பயன்படும் என்பதால் சற்று விவரமாகவே சொல்கிறேன். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு உரிய சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். புதிய தொகுப்பின்படி, இவற்றுக்கு மேல் 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த, அது 45 நாளில் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். ஓராண்டுக்குள் அதே இடத்தில் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை உண்டு. இவ்வளவும் கிடைப்பது ஆட்குறைப்பு என்று எழுதினால்தான். 'ராஜினாமா' என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் எதுவும் கிடையாது. ஆகவே அந்தத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குக் காலம் முடிந்து வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது. புதிதாக ஆள் எடுப்பவர்கள் இனி இந்த வழியைத்தான் விரும்புவார்கள் என்று நினைக்கிறேன். மானேஜர் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், காலண்டர் பார்த்துக்கொள்ளும்.

மானேஜருக்கோ இந்தப் பாதுகாப்பில் ஒன்றும் கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் சட்டப்படி 'தொழிலாளி' அல்லர். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் அல்லர். டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் உள்ளவர்களே அதில் அடங்குவர் என்று கூறிற்று. மற்றவர் பெயரை எழுதிக் கொடுப்பவரின் பெயரும் எங்கோ ஒரு பட்டியலில் இருக்கக்கூடும். கும்பகோணத்துக்காரருக்கு இது தெரியாததல்ல. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. மகனுடைய படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை.

சட்டத்தில் மிஞ்சிய இன்னொரு விதியை அவரே கண்டுபிடித்திருக்கிறார். ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாக வந்தவரையே சாதாரணமாக முதலில் அனுப்ப வேண்டும். அதை மாற்றினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலாளி வேண்டுவது இதற்கு நேர்மாறு. பழையவர்களுக்குச் சம்பளம் அதிகம், ஆகவே ஐம்பது வயது தாண்டியவர்கள் போகட்டும் என்கிறார். விதிப்படி போனாலோ, கழிய வேண்டியவர்கள் முர்ஷிதாபாதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் வந்த இளைஞர்கள். அவர்களில் இருவர் அண்ணன் தம்பிகள், ஒரே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். விதியைப் பிடித்தால் இவர்கள் போவார்கள், விட்டால் பழையவர்கள் போவார்கள். இரக்கம் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சென்ற ஞாயிறு கரியாஹாட் மார்க்கெட்டில் காய்கறிப் பையுடன் அவரை மறுபடி பார்த்தேன். பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு பட்டியல் எழுதியிருக்கிறாராம். வந்த வரிசைப்படி ஒன்று; முதலாளி கேட்டபடி ஒன்று. முதலாளியின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்தை முதலாளி தம் கையால் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தரட்டும், பிறகு நோட்டீஸ் டைப் செய்கிறேன் என்று அனுப்பிவிட்டாராம். பத்து நாளாகியும் அந்தத் தாள் திரும்பி வரவில்லை.